உப்புச் சாத்து போன வழி

1352 பிப்ரவரியில், மொராக்கோவின் தென்கோடியில் இருந்த சிஜில்மாசா நகரிலிருந்து ஒரு வணிகச் சாத்து தெற்கு நோக்கிக் கிளம்பியது. நான்கு மாதத்துக்கான ஒட்டகத் தீவனத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு அதில் சேர்ந்தவர்களில் இப்னு பதூதாவும் ஒருவர். அந்தப் பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீனுக்கு அவர் சகலை முறை. 1340களில் மதுரைக்கே வந்து, அங்கே கண்ட கொடுமைகளை ஒளிக்காமல் எழுதியவர். உலகம் சுற்றிய அந்த மனிதரின் கடைசிப் பெரும் பயணம் சகாராவைக் கடந்து மாலிப் பேரரசுக்குப் போனதுதான்.

இருபத்தைந்து நாள் நடந்ததும் தகாசா வந்தது. அங்கே வீட்டுச் சுவர் உப்புப் பாளம், பள்ளிவாசல் சுவரும் உப்புப் பாளம், கூரை ஒட்டகத் தோல். மரம் என்று ஒன்று கிடையாது. மணலைத் தோண்டினால் அடுக்கடுக்காக உப்புப் பாளங்கள். ஓர் ஒட்டகத்துக்கு இரண்டு பாளம். தண்ணீர் உவர்ப்பு, ஈத் தொல்லை சொல்லி மாளாது. அந்த உப்பை வெட்டியவர்கள் மசூஃபா இனத்தாரின் அடிமைகள். வடக்கிலிருந்து பேரீச்சையும் தெற்கிலிருந்து சிறுதானியமும் வந்தால்தான் அவர்களுக்குச் சாப்பாடு.

இந்த அவல ஊருக்கு ஏன் இத்தனை பேர் போனார்கள் என்பதற்கு விலையே பதில். ஒரு சுமை உப்பு, பாலையின் தென்விளிம்பில் இருந்த வலாத்தா நகரில் 8 முதல் 10 மித்கால் (பொன் நிறுக்கும் எடை அளவு) பொன்னுக்குப் போனது. மாலித் தலைநகரில் 20, 30, சில சமயம் 40 மித்கால். தெற்கே பொன் இருந்தது, உப்பு இல்லை.

தகாசாவுக்கும் வலாத்தாவுக்கும் இடைப்பட்ட வழிதான் உயிரைக் கேட்கும் வழி. அதைக் கடக்க மக்கள் செய்துவைத்திருந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சாத்து கிளம்புவதற்கு முன் ‘தக்ஷீஃப்’ எனப்பட்ட ஓர் ஆளை நியமிப்பார்கள். அவர் தன்னந்தனியாக முன்னே போவார். வணிகர்கள் வலாத்தாவில் உள்ள தங்கள் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் அவர் கையில் இருக்கும்: வீடு பார்த்து வையுங்கள், நான்கு நாள் தொலைவு எதிரே தண்ணீர் கொண்டுவாருங்கள். வலாத்தாவில் தெரிந்தவர் இல்லாதவர், நல்லவர் என்று பெயரெடுத்த ஒரு வணிகருக்கு எழுதுவார். அவரும் தண்ணீர் அனுப்புவார். தூதர் வழியில் இறந்துபோனால் சாத்து வருவதே வலாத்தாவுக்குத் தெரியாது. பின்னால் வருபவர்களில் பலர் அல்லது அனைவரும் தாகத்தில் மடிவார்கள். இப்னு பதூதாவின் கூட்டம் அமர்த்திய தூதருக்குக் கூலி 100 மித்கால் பொன். ஏழாம் நாள் இரவு, தண்ணீருடன் எதிர்கொள்ள வந்தவர்கள் மூட்டிய நெருப்பு தூரத்தில் தெரிந்ததாக அவர் எழுதுகிறார். அவர்களது வழிகாட்டிக்கு ஒரு கண் கிடையாது, மற்றதிலும் நோய்; ஆனால் பாதையை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

இதே பயணத்தில் இப்னு ஸீரி என்பவர் தன் உறவினரோடு சண்டையிட்டுக்கொண்டு பின்தங்கினார். தேடிப் போனவர்களுக்கு அவர் கிடைக்கவில்லை. அதுவரை சாத்துக்கு முன்னே போய் ஒட்டகத்தை மேயவிட்டுக்கொண்டிருந்த இப்னு பதூதா, அன்றிலிருந்து முன்னேயும் போகவில்லை, பின்னேயும் தங்கவில்லை.

ஒட்டகம் வட ஆப்பிரிக்காவில் பரவலானது பொ.ஆ. மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில்தான். அது திமிலில் தண்ணீரைச் சேர்த்துவைக்கிறது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். திமிலில் இருப்பது கொழுப்பு. அதன் உண்மையான திறமையை 1950களில் அல்ஜீரியப் பாலைவனத்தில் பெனி அப்பாஸ் என்னும் சோலையூரில் தங்கி ஆராய்ந்தவர் நுட் ஷ்மிட்-நீல்சன். நீர் குடிக்காத ஒட்டகத்தின் உடல்வெப்பம் விடியற்காலையில் 34 டிகிரிக்கு இறங்கி, பகலில் 40-க்கு மேல் ஏறுகிறது. அந்த அளவுக்குச் சூடேறும் வரை அது வியர்த்து நீரை வீணாக்குவதில்லை. உடல் எடையில் கால்பங்கை நீராக இழந்தாலும் தாங்கும். கிணற்றைக் கண்டதும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நூறு லிட்டர்வரை குடித்துவிடும்.

இந்தப் பாதைகளை வியக்கும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 1353-இல் இப்னு பதூதா தகத்தா என்னும் ஊரிலிருந்து வடக்கே திரும்பிய சாத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். அவர் அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உப்போடும் பொன்னோடும் மனிதர்களும் இந்த வழியில் விற்பனைக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். அவர்களில் யாரும் பயண நூல் எழுதவில்லை.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மொராக்கோவின் தாக்குதல்களால் தகாசா கைவிடப்பட்டது. உப்பு வெட்டும் தொழில் இன்னும் தெற்கே தாவுதென்னிக்கு நகர்ந்தது. அங்கிருந்து திம்புக்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஓர் ஒட்டகத்துக்கு நான்கு பாளம். அந்த நான்கில் மூன்று ஒட்டகக்காரருக்குக் கூலியாகப் போய்விடும் என்பது வழக்கம். உப்பைவிட அதைக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை என்று அந்தக் கணக்கே சொல்கிறது. மாலி அரசு 1969 முதல் 1988 வரை தாவுதென்னியில் அரசியல் கைதிகளுக்குச் சிறை வைத்து, அவர்களையும் உப்பு வெட்ட வைத்தது.

கிழக்கே நைஜர் நாட்டில் இன்னொரு பெருவழி. ஆயிர் மலைப்பகுதியின் துவாரெக் மக்கள் அகதெஸிலிருந்து தெனெரே மணல்வெளியைக் கடந்து, சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பில்மாவுக்குத் தானியம் கொண்டுபோவார்கள். பில்மாவில் பாத்தி கட்டிக் காய்ச்சிய உப்பைக் கூம்பு வடிவ அச்சில் வார்த்திருப்பார்கள். அதையும் பேரீச்சையையும் ஏற்றிக்கொண்டு திரும்பி, பிறகு தெற்கே ஹௌசா நாட்டுச் சந்தைகளுக்குப் போவார்கள். வழியில் மேய்ச்சல் இல்லாததால் உலர்ந்த புல்லையும் கட்டுக்கட்டாகச் சுமந்து போக வேண்டும். போகும்போதே சில கட்டுகளைத் திரும்பும் பயணத்துக்கென்று வழியில் இறக்கி வைப்பார்கள். அதை வேறொருவர் எடுத்தால் வைத்தவரின் ஒட்டகம் சாகும். 1906-இல் பில்மாவுக்குப் போன சாத்தில் ஏறக்குறைய 20,000 ஒட்டகங்கள் இருந்ததாகக் கணக்கு.

மோட்டார் வண்டி வந்தது அதற்குப் பிறகு. 1922 டிசம்பர் 17 அன்று சித்ரோயன் நிறுவனத்தின் ஐந்து வண்டிகள், பின்புறம் ரப்பர் பட்டைகள் மாட்டப்பட்டு, அல்ஜீரியாவின் துகூர்திலிருந்து புறப்பட்டன. 1923 ஜனவரி 7-இல் திம்புக்து சேர்ந்தன. மாதக்கணக்கில் நடந்த தூரம் மூன்று வாரமானது. அடுத்து அல்ஜீரியாவின் தனெஸ்ரூஃப்த் பாலைவெளி வழியில் வண்டிகளுக்கென்று எண் போட்ட எரிபொருள் பீப்பாய்களை நட்டார்கள். ஐந்தாம் பீப்பாய் நின்ற இடத்துக்கு ‘பிதோன் 5’ என்பதே பெயராக நிலைத்தது. கிணற்றைத் தொட்டுத் தொட்டுப் போன பாதை, பெட்ரோல் இருக்கும் இடத்தைத் தொட்டுப் போகத் தொடங்கியது.

தெனெரேயின் நடுவில் ஒரு வேலமரம் நின்றது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேறு மரம் இல்லை. 1938-39 குளிர்காலத்தில் அதன் அருகே கிணறு தோண்டியபோது, அதன் வேர் முப்பது மீட்டருக்கும் கீழே ஈரத்தை எட்டியிருப்பது தெரிந்தது. பில்மா போகும் சாத்துகள் அதன் ஒரு கிளையையும் ஒடிக்காமல் தலைமுறை தலைமுறையாகக் கடந்துபோயின. 1973-இல் ஒரு லாரி அதில் மோதிச் சாய்த்தது. கட்டை இன்று நைஜர் தலைநகர் நியாமியின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நின்ற இடத்தில் ஓர் இரும்புக் கம்பம்.

லாரி வந்தவுடன் ஒட்டகம் ஓய்ந்துவிடவில்லை. உப்பு மலிவுச் சரக்கு. டீசல் செலவுக்கு அது கட்டுப்படியாகாத காலம் நெடுநாள் நீடித்தது. துவாரெக் மக்களின் மந்தைகளைக் கடுமையாக அடித்தவை 1968 முதல் 1974 வரை நீண்ட பஞ்சமும் 1984-இன் வறட்சியும். கலகங்களும் ஆயுதக் குழுக்களும் பிறகு பாதைகளை அடைத்தன. இதற்கிடையே அல்ஜியர்சிலிருந்து லாகோஸ் வரை சுமார் 4,500 கிலோமீட்டர் நெடுஞ்சாலை, 1960களில் திட்டமிடப்பட்டு, துண்டு துண்டாகத் தார் கண்டிருக்கிறது.

தார்ச் சாலை எட்டாத மணலில் இன்று ஆட்களை அடுக்கிக்கொண்டு வண்டிகள் வடக்கே போகின்றன. 2013-இல் நைஜரிலிருந்து அல்ஜீரியா நோக்கிப் போன வண்டிகள் பழுதாகி நின்றன. எல்லைக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட உடல்கள் 92. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அவர்கள் வருவதை முன்கூட்டிச் சொல்லவும் எதிரே தண்ணீர் கொண்டுவரவும் ஆள் இல்லை. 2015-இல் நைஜர் அரசு குடியேறிகளை ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்கியது. ஐரோப்பிய நாடுகள் அந்தச் சட்டத்தை வரவேற்றன. ஓட்டுநர்கள் பிடிபடாமல் இருக்க, ராணுவம் காவல் நிற்கும் கிணறுகளை விட்டு விலகிப் போனார்கள். நடுவழியில் இறக்கிவிடப்பட்டு இறந்தவர்கள் பலர். 2023 நவம்பரில் நைஜரின் ராணுவ ஆட்சி அந்தச் சட்டத்தை நீக்கியது. அகதெஸிலிருந்து வண்டிகள் மீண்டும் கிணறுகள் உள்ள வழியாகவே வெளிப்படையாகக் கிளம்புகின்றன.