ஒரு சபைக்கு எழுதியது

கி.பி. 50களின் பிற்பகுதி. கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரில் பவுல் சொல்லச் சொல்ல, தெர்தியு என்பவர் எழுதிக்கொண்டிருந்தார். ரோமாபுரியில் வீடுகளில் கூடிவந்த சிறு சபைகளுக்கான நிருபம் அது. முடியும் தறுவாயில் எழுத்தரும் தன் பங்குக்கு ஒரு வாழ்த்தைச் சேர்த்துக்கொண்டார். அருகிலிருந்த கெங்கிரேயா துறைமுகத்தின் பெபேயாள்தான் அதைக் கடல் கடந்து எடுத்துச் சென்றார் என்று வேத அறிஞர்கள் பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேசியதைத் திங்கட்கிழமை வலைப்பூவில் ஏற்றும் இன்றைய போதகருக்கு முன்னோர்கள் இவர்கள்: சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், சுமந்தவர் ஒருவர். இந்த மூவரில் வரலாறு முதல்வரை மட்டுமே நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் போதகரின் எழுத்து உலகைச் சுற்றியதற்குக் காரணம் மற்ற இருவரும்தான்.

கொலோசெ சபைக்குப் போன நிருபத்தில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. நீங்கள் வாசித்தபின் இதை லவோதிக்கேயா சபைக்கும் கொடுங்கள், அங்கே இருப்பதை வாங்கி நீங்களும் வாசியுங்கள் என்கிறது அது. அப்படி ஒரு சபையின் கடிதம் அடுத்த சபைக்குப் போகத் தொடங்கியதும் படியெடுப்பவர்களுக்கு வேலை வந்தது. கடிதங்கள் சேரச் சேர, சுருள்களைவிட ஏடுகளை மடித்துத் தைத்த புத்தகமே கைக்கு வசதியாக இருந்தது. அக்கால எழுத்தாளர்கள் சுருளையே பெரிதும் மதிக்க, கிறிஸ்தவர்கள் புத்தக வடிவத்தை முந்திக்கொண்டு பிடித்துக்கொண்டார்கள். எகிப்தில் கிடைத்த, ஏறக்குறைய கி.பி. 200ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் நூலில் பவுலின் கடிதங்கள் தொகுப்பாகவே இருக்கின்றன.

அதே எகிப்தில் அலெக்சாந்திரியாவின் ஆயர்கள் ஆண்டுதோறும் சபைகளுக்குச் சுற்றுமடல் அனுப்புவார்கள். ஈஸ்டர் எந்த நாளில் வருகிறது என்று அறிவிப்பதே அதன் முதல் வேலை. நாளைச் சொன்ன கையோடு அந்த ஆண்டுக்குத் தேவையான அறிவுரையும் சேரும். 367இல் ஆயர் அத்தனாசியார் எழுதிய மடலில் எவை வேதநூல்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. இன்று நம் கையில் உள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும், கூட்டாமல் குறைக்காமல், குறிப்பிடும் பட்டியல்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் அதுவே பழமையானது. தேதி சொல்ல வந்த மடல் வேதாகமத்தின் எல்லையையே வரைந்துவிட்டுப் போனது.

அடுத்த தலைமுறையில், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் அகுஸ்தீனார் முன்கூட்டி எழுதிவைக்காமலே பேசினார். அவர் பேசப் பேசச் சுருக்கெழுத்தர்கள் குறித்துக்கொண்டார்கள். அவர்களுடைய விரல் வேகத்தால் நூற்றுக்கணக்கான பிரசங்கங்கள் நமக்கு மிஞ்சின. 1990இல்கூடப் புதிதாகச் சில கிடைத்தன. பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா டோல்போ ஜெர்மனியின் மைன்ஸ் நகர நூலகத்தில் ஒரு கைப்பிரதியைப் புரட்டியபோது, முழு வடிவில் யாரும் அறியாதிருந்த 26 பிரசங்கங்களை அடையாளம் கண்டார். ஆப்பிரிக்கச் சபையார் கேட்டதை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மனியில் யாரோ ஒரு துறவி பொறுமையாகப் படியெடுத்து வைத்திருந்தார்.

படியெடுப்பது சில இடங்களில் திருட்டு. சில இடங்களில் தொண்டு. தென் பிரான்சின் ஆர்ல் நகர ஆயர் செசாரியு அதைத் தொண்டாகவே நடத்தினார். அகுஸ்தீனாரின் உரைகளை எளிமையாக்கித் தன் மக்களுக்குச் சொன்னார். அவற்றின் படிகளைப் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் எனப் பல நாட்டுக் குருக்களுக்கும் அனுப்பி, தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பேசத் தெரியாத குருவிடம் அகப்பட்ட கிராமமும் நல்ல வார்த்தை கேட்க வேண்டும் என்பது அவருடைய கவலை. பல நூற்றாண்டுகள் கழித்து, 15ஆம் நூற்றாண்டில், ‘நிம்மதியாகத் தூங்கு’ என்றே பெயர் வைத்த ஒரு லத்தீன் பிரசங்கத் தொகுப்பு ஐரோப்பாவில் பேர்போனது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆயத்தம் இல்லாத குருவுக்குச் சனிக்கிழமை இரவில் தூக்கம் தந்த புத்தகம் அது. பலமுறை அச்சானது.

அச்சு என்றதும் மறுபடியும் மைன்ஸுக்கே வர வேண்டும். கூட்டன்பர்க்கின் ஊர் அது. அவருடைய அச்சுமுறை அங்கே முதலில் பெற்றெடுத்தவற்றில், 1454-55இல் வெளியான பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளும் அடக்கம். பெயர் எழுத மட்டும் இடம்விட்ட, விற்பனைக்கான படிவங்கள். அறுபது ஆண்டுகள் கழித்து அதே சீட்டு வியாபாரத்தை எதிர்க்க மார்ட்டின் லூதரும் அதே கருவியைத்தான் எடுத்தார். 1517இல் அவர் எழுதிய 95 கருத்துகள் லத்தீனில், அறிஞர் விவாதத்துக்காக எழுதப்பட்டவை. 1518 மார்ச்சில் அதே பொருளை ஜெர்மன் மொழியில், இருபது சிறு பத்திகளில், சாதாரண மக்களுக்காக எழுதினார். ஒரே தாளை மடித்தால் அடங்கிவிடும் அளவு. கடைக்காரரும் தையல்காரரும் நின்ற நிலையில் வாசித்து முடிக்கலாம். அதுதான் காட்டுத்தீயாகப் பரவியது.

லூதர் எழுத்துக்குக் கூலி வாங்கவில்லை. அச்சாளர்கள் வாங்கினார்கள், அதனாலேயே பரப்பினார்கள். அவருடைய விட்டன்பர்க் ஒரு சிற்றூர். அங்கே அச்சான ஒரு பிரதி கிடைத்தால் போதும், பெரிய நகரங்களின் அச்சகங்கள் சில நாட்களில் மறுபதிப்புப் போட்டுவிடும். ஓவியர் லூக்காஸ் கிரானாக் வரைந்த அழகிய முகப்பு ஓரங்களையும் பார்த்து வெட்டிக்கொண்டன. சில அச்சாளர்கள் தங்கள் ஊர்ப் பெயரை மறைத்து ‘விட்டன்பர்க்’ என்றே முகப்பில் போட்டார்கள். அந்தப் பெயருக்கு அவ்வளவு விற்பனை.

இனி நம் கடற்கரைக்கு வரலாம். 1578இல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூல். முத்துக்குளித்துறை விசுவாசிகளின் தேவைக்குப் பிறந்தது. அடுத்த பெரிய பாய்ச்சல் தரங்கம்பாடியில். 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தான் கண்டதையும் கேட்டதையும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு விடாமல் எழுதினார். தமிழ் கற்ற விதம், ஊர்க்காரர்களோடு நடந்த உரையாடல், டேனிஷ் கோட்டைக்காரர்களோடு வந்த உரசல் எல்லாம் அதில் இருந்தன. ஹாலேயில் இருந்தவர்கள் அவற்றை அச்சிட்டார்கள். 1710 முதல் 1772 வரை, தரங்கம்பாடிச் செய்திகள் 108 பகுதிகளாகத் தொடர்ந்து வெளிவந்தன.

எழுத்து ஒரு திசையில் மட்டும் ஓடவில்லை. சீகன்பால்குவும் உடன் ஊழியர் குருண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் தெய்வ நம்பிக்கை என்ன, மருத்துவம் எப்படி, எங்கள் மதத்தை ஏன் ஏற்கவில்லை என்றெல்லாம் கேட்டார்கள். ஓலையில் வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்தார்கள். அந்த 99 கடிதங்களும் ஹாலேயில் அச்சாகி ஐரோப்பிய வாசகர் கைக்குப் போயின. மிஷனரி எழுதிய பத்திரிகையிலேயே அவரை மறுத்துப் பேசிய தமிழரின் குரலும் இடம்பெற்றது. எழுதுகிற போதகர் பதிலையும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

சீகன்பால்குவின் தொடக்கக் கடிதங்கள் 1709இல் ஆங்கிலத்துக்கும் போயின. பெயர்த்தவர் லண்டன் அரண்மனையில் இருந்த ஜெர்மன் குரு போமே. அவற்றை வாசித்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தார் தரங்கம்பாடிக்கு ஓர் அச்சியந்திரம் அனுப்பினார்கள். அதன் பயணமே ஒரு கதை. கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ அருகே பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டது. பணம் கொடுத்து மீட்டார்கள். கூட வந்த அச்சாளர் ஜோனாஸ் ஃபிங்க் வழியிலேயே காய்ச்சலில் இறந்தார். யந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர, டேனிஷ் கம்பெனிப் படையில் அச்சுத்தொழில் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, தாளைத் தின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை உள்ளூரிலேயே வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

சீகன்பால்கு கடிதங்களின் அந்த ஆங்கிலப் பதிப்பில் ஒரு பிரதி இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற சிற்றூரில், ஒரு குருவானவர் வீட்டு அலமாரியில் கிடந்தது. 1711-12 குளிர்காலத்தில் கணவர் லண்டன் போயிருக்க, மனைவி சூசன்னா வெஸ்லி அதை வாசிக்கக் கேட்டார். தரங்கம்பாடி ஊழியர்களின் செய்தி அவரை உலுக்கியது. நான் ஆணும் அல்ல, குருவும் அல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே என்று கணவருக்கு எழுதினார். ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாகப் பேசத் தீர்மானித்தார். வியாழன் மாலை எட்டு வயது ஜானுக்கு. ஞாயிறு மாலைகளில் வீட்டாருக்காக அச்சுப் பிரசங்கங்களை உரக்க வாசித்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், கூட்டம் இருநூறைத் தாண்டியது. துணைக் குருவுக்கு மனக்கசப்பு. சூசன்னா நிறுத்தவில்லை.

அந்த எட்டு வயது ஜான்தான் மெத்தடிஸ்டு இயக்கத்தின் ஜான் வெஸ்லி. 1742இல் எப்வொர்த் ஆலயத்தில் பேச இடம் மறுக்கப்பட்டபோது, வெளியே தந்தையின் கல்லறை மேல் ஏறி நின்று பேசினார். 1740 முதல் தன் நாட்குறிப்பைப் பகுதி பகுதியாக அச்சிட்டு வந்தார். குதிரைப் பயணம், கல்லெறி, சந்தேகம், ஆறுதல் எல்லாம் அதில் வரும். நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டின் நாட்குறிப்பை 1738இல் ஓர் அச்சாளர் அனுமதியின்றி வெளியிட்டுவிட, நண்பர்கள் அவசரமாக முறையான பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் அதை அச்சிட்டவர் பெஞ்சமின் பிராங்ளின். அவருக்கு அந்த மதப்பற்று இல்லை. நட்பும் நல்ல விற்பனையும் இருந்தன. 1769இல் ஜான் டிரஸ்லர் என்ற ஆங்கிலக் குரு இன்னொரு வழி கண்டார். பிரசங்கங்களைக் கையெழுத்து போலவே அச்சிட்டு ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். மாடத்திலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குக் குருவே இரவெல்லாம் எழுதியது போலத் தோன்றும்.

தரங்கம்பாடிக் கடிதம் வெஸ்லி வீட்டில் விதைத்தது 1814இல் தமிழ் மண்ணுக்கே திரும்பியது. அந்த ஆண்டு வெஸ்லியன் மிஷனரிகள் இலங்கையில் இறங்கி, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பள்ளிகள் தொடங்கினார்கள். யாழ்ப்பாண வெஸ்லியன் பள்ளியை நடத்திய பீட்டர் பெர்சிவல், வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணையாக வைத்துக்கொண்டவர் அப்பள்ளியிலேயே படித்த இளைஞர் ஆறுமுக நாவலர். பிரசங்கம், துண்டுப்பிரசுரம், பள்ளிப் பாடநூல் மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்பதை அவர் உள்ளேயிருந்து பார்த்தார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதல் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தார். 1849இல் சொந்த அச்சகம் வந்தது. மிஷனரியின் கருவிகளைக் கொண்டே தன் சைவத்தைக் காத்து, தமிழ் உரைநடைக்கும் புது நடை தந்தார். பின்பற்றியவர் மூலத்தையே எதிர்த்து நின்று, தானும் ஒரு மரபானார். இந்தப் பயணத்தில் இதைவிடச் செழிப்பான திருப்பம் வேறில்லை.

லண்டனில் அதே நூற்றாண்டில் சார்லஸ் ஸ்பர்ஜன் 1855 முதல் வாரம் ஒரு பிரசங்கத்தைப் பென்னி விலையில் வெளியிட்டார். ஞாயிறு சுருக்கெழுத்தில் எடுத்ததைத் திங்களன்று திருத்துவார். வியாழனன்று கடைக்கு வரும். ஆப்பிரிக்காவில் இறந்த டேவிட் லிவிங்ஸ்டனின் பொருள்களுக்கு நடுவே, ‘மிக நன்று’ என்று அவர் கைப்பட எழுதிய ஒரு பிரதி இருந்தது. ஸ்பர்ஜன் 1892இல் மறைந்தபிறகும் அச்சாகாத உரைகள் கையிருப்பில் இருந்ததால் வாராந்தர வெளியீடு நிற்கவில்லை. 1917இல், உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில்தான் நின்றது. அப்போது எண்ணிக்கை 3,563.

காகிதம் இல்லாத வழியும் விரைவில் வந்தது. 1921 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கால்வரி ஆலய ஆராதனை வானொலியில் ஒலித்தது. புதிய கருவியை நம்பத் தயங்கிய மூத்த குரு, பேசும் பொறுப்பை இளைய குருவிடம் விட்டார். சபையாரின் கவனம் சிதறாமலிருக்க வானொலித் தொழில்நுட்பர் இருவருக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்கள்.

1999இல் பிளாகர் சேவையும் 2003இல் வேர்ட்பிரஸ்ஸும் வந்தபின் சுருக்கெழுத்தர், அச்சாளர், கப்பல் எல்லாம் ஒரே பொத்தானுக்குள் அடங்கின. கனடாவில் வலைத்தள வடிவமைப்பாளராக இருந்த டிம் சாலீஸ் 2003 முதல் நாள்தோறும் எழுதி, பின்னர் சபையின் மூப்பராகவும் ஆனார். 2005இல் கலிபோர்னியாவின் பயோலா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ வலைப்பதிவர்கள் மாநாடே கூட்டினார்கள். 2010இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட், உலகத் தொடர்பு நாள் செய்தியில், வலைப்பூக்களையும் ஊழியக் கருவியாக எடுக்கும்படி குருக்களிடம் சொன்னார். எடுத்து ஒட்டுவதும் அதே வேகத்தில் எளிதானது. செசாரியுவின் தாராளமும் டிரஸ்லரின் கையெழுத்து அச்சும் இன்று ஒரே திரையில் அடுத்தடுத்து இருக்கின்றன. இன்னார் சொன்னது என்று பெயர் சொல்லி எடுப்பதே இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு.

எழுத வரும் போதகர் முதலில் கேட்பது, எத்தனை பேர் வாசிப்பார்கள் என்பதே. இந்த வரலாறு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. பவுல் எழுதியது ரோமின் சில வீடுகளுக்கு. அத்தனாசியார் எழுதியது ஈஸ்டர் தேதிக்காக. சீகன்பால்கு எழுதியது தன்னை அனுப்பியவர்களுக்கு. எப்வொர்த் என்ற ஊர் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. தூரம் போனவை பெரும்பாலும், யாருக்கு எழுதுகிறோம் என்று தெளிவாகத் தெரிந்து எழுதியவை. கணவனை இழந்த சபைச் சகோதரி, வேலை தேடி அலையும் வாலிபன், ஜெபிக்க வராமல் தவிக்கும் மூப்பர் என்று முகம் பார்த்து எழுதுங்கள். சுமந்து போகிறவர்கள் இதுவரை எந்த நூற்றாண்டிலும் வராமல் இருந்ததில்லை.