நுகாமா: ஒரு சொல்லும் இரு சுரப்பிகளும்

திருக்கழுக்குன்றத்தில் ஒரு நிக்காஹ் வைபவத்திற்குச் சென்றிருந்தபோது முதியவர் ஒருவர் நம்மிடம் மஸ்அலா ஒன்று கேட்டார். அவரைப் பீடித்திருந்த காசநோய் நீங்கிவிட்டது. ஆயினும், சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகளை அது சிதைத்துவிட்டது. ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடலாகாது என்பது மருத்துவரின் கட்டளை. “ரமழான் முப்பது நாளும் பகலில் நிறுத்திக்கொண்டால் என்ன, ஹஜ்ரத்?” என்றார். விடை கூறுமுன் இச்சுரப்பிகளின் வரலாற்றை நாம் அறிய வேண்டியதாயிற்று.

மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியை இன்றைய அரபியில் ‘அல்குத்ததுந் நுகாமிய்யா’ என்பர். நுகாமா என்றால் சளி. பள்ளிவாசலில் அதை உமிழலாகாது என்னும் ஹதீஸை ஓதிய மாணவர் எவரும் இச்சொல்லை அறிவர். மூளையின் கழிவு இவ்வழியே சளியாக மூக்கிற்கு இறங்குகிறது என்று இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் கருதினார். அரபு மருத்துவ நூலோரும் பெரும்பாலும் அவ்வழியே சென்றனர். 1660களில் ஜெர்மானியரான ஷ்னைடர், சளி மூக்கின் உட்சவ்விலேயே ஊறுகிறது என்று நிறுவினார். கருத்து வீழ்ந்தது, பெயர் நிலைத்தது.

அட்ரினல் சுரப்பிகளை 1563இல் இத்தாலியரான யூஸ்டேக்கியஸ் விவரித்தார். அவற்றின் பயனோ நெடுங்காலம் புலப்படவில்லை. 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், உடல் சோர்ந்து, தோல் கறுத்து மடிந்தோரிடம் இச்சுரப்பிகள் கெட்டிருக்கக் கண்டார். அவர்களுள் பலருக்குக் காசநோயே காரணம். 1928இல் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்கெனச் சானடோரியம் நிறுவும் அளவிற்குச் செங்கற்பட்டுச் சீமையிலும் அந்நோய் பரவியிருந்தது. முதியவரின் துன்பம் அடிசன் கண்ட அதே துன்பம்தான்.

இதற்கு நேர்மாறான கேட்டை 1932இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் விளக்கினார். பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டி, அட்ரினலை ஓயாது ஏவுகிறது. கார்ட்டிசால் மிகுந்து முகம் உருண்டு, வயிறு பருத்து, கைகால்கள் மெலிந்து, இரத்த அழுத்தம் ஏறுகிறது. 1948இல் மேயோ மருத்துவமனையில் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுக்கப்பட்டு வியத்தகு பலன் கண்டது. 1950இல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் அதே மருந்தை நெடுநாள் மிகுதியாக உண்போருக்கும் குஷிங் கூறிய கோலமே வந்தது. வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் அவர்களுடைய சொந்தச் சுரப்பி உறங்கிவிடுகிறது. மூட்டுவலிக்கும் இளைப்பிற்கும் இத்தகைய மாத்திரைகளை நெடுநாள் உண்டோர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரும்.

சுரப்பியே அழிந்தவர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. வேளை தவறினால் இரத்த அழுத்தமும் உடலின் உப்பும் சரிந்து மயக்கமும் மரணமும் நேரக்கூடும். மருத்துவரின் மேற்பார்வையில், மருந்தின் வகையும் வேளையும் மாற்றி நோன்பு நோற்கக் கூடியோர் உண்டு. எல்லோருக்கும் அது இயலாது. நோயாளிக்குரிய சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாக வழங்குகின்றன. குணமாகும் நம்பிக்கையற்ற நோயாளி, விடுபட்ட ஒவ்வொரு நோன்பிற்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பது ஃபித்யா.

ஆகவே முதியவரிடம், “முதலில் மருத்துவரைக் கேளுங்கள், அவர் தடுத்தால் ஃபித்யா கொடுங்கள். அல்லாஹ் அளித்த சலுகையை ஏற்பதும் வணக்கமே” என்றோம். அவர் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.