ஊமைத்திரையிலிருந்து எழுந்த குரல்

தமிழ்த் திரை வரலாற்றில் முதன்மை இடம் பெறத்தக்கவர் டி. பி. இராஜலட்சுமி. திருவையாற்றில் 1911 ஆம் ஆண்டு பிறந்தார். சிறுவயதிலேயே செய்துவைத்த திருமணம் நிலைக்காமற் போகவே, பிழைப்பின் பொருட்டு நாடகமேடை ஏறினார். பெண்கள் நடிப்பதை இழிவெனக் கருதிய காலம் அது. ஆயினும், அவர்தம் குரல்வளம் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

1929 இல் 'கோவலன்' என்னும் ஊமைப்படத்தில் நடித்தார். ஊமைத்திரையில் முகமும் மெய்ப்பாடுமே பேசும். கதையை எழுத்தட்டைகள் விளக்கும். மேடையில் சிறந்த அக்குரலுக்கு அங்கு இடமில்லை. பேசும் படம் வந்ததும் நிலை மாறிற்று. பம்பாயில் உருவாகி, 1931 அக்டோபர் 31 ஆம் நாள் சென்னையில் வெளியான 'காளிதாஸ்' படத்தில் கதாநாயகன் தெலுங்கில் பேச, இராஜலட்சுமி தமிழில் பேசினார், பாடினார்.

பிறர் எழுதியதைப் பேசுவதோடு அவர் அமையவில்லை. தாம் எழுதிய புதினத்தையே 1936 இல் 'மிஸ் கமலா' எனப் படமாக்கி, தென்னகத்தின் முதற் பெண் இயக்குநர் ஆனார்.

1964 இல் அவர் மறைந்தார். 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' ஆகிய படங்களின் சுருள்களும் அழிந்துபோயின. அப்படங்களை இனிக் காண இயலாது; அவ்வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைப்பது தமிழாசிரியர்தம் கடனாகும்.