உயிரணுச் சுழற்சியும் புற்றுநோயும்: ‘தடை’ என்னும் கருத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

புற்றுநோயை உயிரணுக்களின் மிகைவிரைவு வளர்ச்சியாகக் கொள்வது பொதுவழக்கு. நிற்கவேண்டிய இடத்தில் உயிரணு நிற்காமையே அந்நோயின் அடிப்படை என்னும் கருத்து 1914 முதல் 1989 வரை வளர்ந்து நிலைபெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

எலும்பு மஜ்ஜை, குடலின் உட்படலம், மயிர்க்கால் ஆகியவற்றின் இயல்பான உயிரணுக்கள், பல கட்டிகளின் உயிரணுக்களைவிட விரைந்து பிரிகின்றன. பிரியும் உயிரணுக்களைப் பொதுவாகத் தாக்கும் மருந்துகளால் முடி உதிர்வதும் குருதியணுக்கள் குறைவதும் இதனாலேயே. ஆகவே விரைவை மட்டும் கொண்டு புற்றுநோயை வரையறுக்க இயலாது.

போவேரியின் கருதுகோள்

உயிரணுப் பிரிவில் குரோமோசோம்களின் இயக்கத்தை வால்டர் ஃபிளெம்மிங் 1882இல் விரிவாக விளக்கினார். புற்றுக்கட்டிகளில் அப்பிரிவு சமனற்று நிகழ்வதை டேவிட் ஹான்ஸ்மான் 1890இல் சுட்டினார். கடல் அர்ச்சின் முட்டைகளை ஆராய்ந்த விலங்கியலாளர் தியோடர் போவேரி, குரோமோசோம்கள் பிழைபடப் பங்கிடப்பட்டால் வளர்ச்சி சிதைவதைக் கண்டார். 1914இல் வெளியிட்ட நூலில், பிரிவைத் தடுக்கும் அமைப்பொன்று இயல்பான உயிரணுவில் உண்டு என்றும், அதனை இழத்தல் கட்டிக்குக் காரணமாகலாம் என்றும் கருதினார். அத்தடையைச் சோதித்தறியும் வழி அக்காலத்தில் இல்லை.

சுழற்சியின் கட்டங்கள்

இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட காலம் ‘ஓய்வுநிலை’ எனப்பட்டு வந்தது. ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்கும் அவரையினப் பயிரொன்றின் வேர்நுனிகளைக் கதிரியக்கப் பாஸ்பரசால் ஆராய்ந்து, டி.என்.ஏ. அவ்விடைக்காலத்தின் ஒரு பகுதியில் மட்டுமே இரட்டிக்கிறது என 1953இல் காட்டினர். ஜி1, எஸ், ஜி2, எம் என்னும் நான்கு கட்டப் பகுப்பு இதன் விளைவாகும். ‘ஓய்வு’ எனப்பட்டது ஆயத்தமே என்பது தெளிந்தபின், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல இசைவளிப்பது எது என்னும் வினா எழுந்தது.

இயக்கும் புரதங்கள்

1970களில் லீலண்ட் ஹார்ட்வெல் அப்பம் புளிக்கப் பயன்படும் ஈஸ்ட்டில், சுழற்சி இடையே நின்றுவிடும் திரிபு வகைகளைப் பிரித்தெடுத்தார். பால் நர்ஸ் பிளவு ஈஸ்ட்டில், பிரிவுக்குரிய காலத்தை முடிவு செய்யும் மரபணுக்களைக் கண்டார். டிம் ஹண்ட் 1982இல், ஒவ்வொரு பிரிவிலும் பெருகி அழியும் சைக்ளின் புரதத்தைக் கடல் அர்ச்சின் முட்டையில் கண்டறிந்தார். 1987இல் நர்ஸின் குழுவினர், குறைபட்ட ஈஸ்ட் மரபணுவின் பணியை மனித மரபணு நிறைவேற்றுவதை நிறுவினர். இதனால் ஈஸ்ட்டில் பெற்ற அறிவு மனித நோய்க்கும் பொருந்தும் என்பது உறுதியாயிற்று. இம்மூவரும் 2001இல் நோபல் பரிசு பெற்றனர்.

தடை உறுதிப்படல்

விழித்திரைக் கட்டியான ரெட்டினோபிளாஸ்டோமா ஒரு மரபணுவின் இரு படிகளும் பழுதுறுவதால் தோன்றுகிறது என்னும் கருதுகோளை ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் முன்வைத்தார். அம்மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் புரதமே ஜி1இலிருந்து எஸ் கட்டத்திற்குச் செல்வதைத் தடுத்து நிற்பது எனப் பின்னர் அறியப்பட்டது. 1979இல் கண்டறியப்பட்ட பி53, பத்தாண்டுகள் புற்றைத் தூண்டும் மரபணுவாகவே கருதப்பட்டு, 1989இல்தான் புற்றைத் தடுப்பது எனத் தெளிவாயிற்று. அதே ஆண்டில் ஹார்ட்வெல்லும் டெட் வைனர்ட்டும், டி.என்.ஏ. பழுதுற்றால் சுழற்சியை நிறுத்திச் செப்பனிட இடமளிக்கும் ‘சோதனைச்சாவடி’ என்னும் கருத்தைப் பொதுக்கோட்பாடாக்கினர். அச்சாவடி இல்லாத உயிரணு பழுதுடனேயே பிரிந்து, மேலும் பல திரிபுகளைத் திரட்டிக்கொள்கிறது.

முடிவுரை

போவேரி ஊகித்த தடை மூலக்கூறாக அடையாளம் பெற ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அவரை வேர், ஈஸ்ட், கடல் அர்ச்சின் ஆகியவற்றை ஆராய்ந்தோரின் பணி இதற்கு இன்றியமையாததாயிற்று. சைக்ளினுடன் இணைந்து இயங்கும் நொதிகளைத் தடுக்கும் பால்போசிக்ளிப் என்னும் மருந்து 2015இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்பளிக்கப்பட்டது. இழந்த தடையை ஓரளவு மீட்பதே அதன் நெறி. உடனடிப் பயனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு அடிப்படை ஆய்வை மதிப்பிடுவது பொருந்தாது என்பதற்கு இவ்வரலாறு சான்றாகிறது.