எழுத்து 7, குறியீடு 13

‘கோயம்புத்தூர்’ என்னும் பெயரில் நாம் காண்பன 7 எழுத்துகள். யுனிகோடு முறையில் கணினி காண்பனவோ 13 குறியீடுகள். 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை அடியொற்றி 1991இல் வெளிவந்த யுனிகோடு, உயிர்மெய்யையும் மெய்யையும் அகரமேறிய உருவும் துணைக்குறியுமாகப் பிரித்ததே காரணம். ஆகவே எழுத்தெண்ணவும் அகர வரிசைப்படுத்தவும் நிரல்மொழிகளுக்குக் கூடுதல் உழைப்பு நேர்ந்தது.

ஓரெழுத்துக்கு ஓரிடம் தந்து அவ்வுழைப்பைக் குறைக்க முனைந்தது ‘டேஸ்-16’. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு கூடியபோது, தமிழக அரசு யுனிகோடோடு அதனையும் தரமாக ஏற்றது. ஆயினும், எவரும் தம் விருப்பப்படி பயன்கொள்ளலாமென யுனிகோடில் விடப்பட்ட பொதுவெளியிலேயே அது குடியிருந்தது. அதனால் உலகின் நிரல்தொகுப்புகள் அதனைத் தமிழென்று அறியவில்லை. விரைவு இருந்தும் வழக்கு வாய்க்கவில்லை.

பைத்தான் மொழிக்கான ‘ஓப்பன்-தமிழ்’ தொகுப்பு, சிதறிய குறியீடுகளைச் சேர்த்து எழுத்தை மீட்டது. தொல்காப்பியர் வகுத்த எழுத்தெனும் அலகை இயந்திரத்துக்குக் கற்பிக்கும் கடமை நம்முடையதே.