நிறுவனம் கொடுத்த பணம் எந்தக் கட்சிக்குப் போனது?

ஒரு நிறுவனத்தில் நீங்கள் பங்கு வாங்கியிருக்கிறீர்கள். அது எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

இந்தியாவில் ஏறக்குறைய 6 ஆண்டுகள் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருந்தது.

என்ன நடந்தது?

2017இல் நிறுவனச் சட்டம் தளர்த்தப்பட்டது. அதுவரை 3 ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம். அந்த வரம்பு நீங்கியது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டும் கட்டாயமும் நீங்கியது.

2018இல் தேர்தல் பத்திரங்கள் வந்தன. நிறுவனங்கள் பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கும். கட்சிகள் அதைப் பணமாக்கும். பத்திரத்தில் கொடுத்தவர் பெயர் இருக்காது.

அப்போ யாருக்குமே தெரியாதா?

அரசாங்க வங்கிக்குத் தெரியும். ஓட்டு போடும் மக்களுக்குத்தான் தெரியாது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2024 பிப்ரவரி 15ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தனர். அது வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை மீறுவதாகக் கூறினர். நிறுவனச் சட்டத் திருத்தங்களும் செல்லாமல் போயின.

பெயர்கள் வந்தால் போதுமா?

போதாது. மார்ச்சில் முதலில் 2 பட்டியல்கள் தனித்தனியே வெளிவந்தன: வாங்கியவர்கள் ஒன்றில், பெற்ற கட்சிகள் இன்னொன்றில். இரண்டையும் இணைக்கும் பத்திர எண்களை நீதிமன்றம் மறுபடியும் கேட்ட பிறகுதான் வங்கி கொடுத்தது.

யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பது சேர்ந்து தெரிந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.