கிறீனைத் தேடும்போது

"எங்கட பழைய ஆக்கள் தமிழில விஞ்ஞானம் எழுதேல்லை" என்ற கதையை கம்பஸில் அடிக்கடி கேட்கிறோம். எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று விசாரித்தால், ஒரு தேடற்பெட்டியில் ஒரு சொல்லை அடித்துப் பார்த்திருப்பார்கள். ஒண்டும் வந்திராது. அடித்த சொல் எந்தக் காலத்துச் சொல் என்பதைத்தான் ஒருத்தரும் யோசிக்கிறதில்லை.

சமுவேல் பிஸ்க் கிறீனை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மிஷன் வைத்தியர். 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தவர். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்து முடித்தவர்கள் ஊரில் நிற்காமல் அரசாங்க வேலைக்குப் போனதைக் கண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். தமிழில் படிப்பிக்கத் தமிழில் புத்தகம் வேணும். மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். 1867இல் 'இரண வைத்தியம்' அச்சில் வந்தது. அவர் 1873இல் ஊர் திரும்பிய பிறகு, 1875இல், 'கெமிஸ்தம்' வந்தது.

இந்தத் தலைப்புகளை இன்னொருக்கா வாசியுங்கோ. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது இரசாயனவியல். தமிழ்நாட்டில் அது வேதியியல். இந்த இரண்டையும் எத்தனை தரம் அடித்தாலும் 'கெமிஸ்தம்' என்ற தலைப்பு அகப்படாது. சத்திரசிகிச்சை என்று அடித்தாலும், அறுவைச் சிகிச்சை என்று அடித்தாலும் 'இரண வைத்தியம்' வராது. புத்தகம் இல்லாததால் அல்ல, எங்களுக்கும் அதற்கும் இடையில் கலைச்சொல் இரண்டு மூன்று தரம் மாறிவிட்டது. கிறீன் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் வால் ஒட்டினார், பிறகு வந்தவர்கள் வடமொழியில் சொல் கட்டினார்கள், இன்னொரு பக்கம் தனித்தமிழ் வந்தது.

அதனால் பழைய நூலுக்கு நேரே போகாமல், அதைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியவர்களிடம் முதலில் போவது நல்லது. அவர்கள் இன்றைய சொல்லையும் பழைய சொல்லையும் ஒரே பக்கத்தில் தருவார்கள். கவிஞர் அம்பி எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' அப்படியொரு நூல், 1967இல் வந்தது.

அதைத் தேடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கு. 'கிறீன்' என்று அடித்தால் 'கிறீனின்' வராமல் போகலாம். எங்கள் கண்ணுக்கு அது அதே பெயர்தான். கணினிக்கு அப்படியில்லை, 'ன்' என்பதில் இருந்த குற்று போய் 'னி' ஆகிவிட்டது. ஆகவே குற்றை வெட்டி 'கிறீன' என்று அடித்துப் பின்னால் நட்சத்திரக்குறி போட்டுப் பாருங்கள். நட்சத்திரம் எடுபடாத தளத்தில் 'கிறீனின்', 'கிறீனும்' என்று உருபு சேர்த்துத் தனித்தனியாக அடிக்கத்தான் வேணும். தமிழ்நாட்டுக்காரர் 'கிரீன்' என்று எழுதுவார்கள். சமுவேல் சிலரிடம் சாமுவேல் ஆகும். ற, ர சண்டை எங்களுக்குப் பழகினதுதானே! ரொறன்ரோவையும் டொரண்டோவையும் ஒரே ஊர் என்று தேடற்பெட்டிக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வீடுகளிலும் வாசிகசாலைகளிலும் தப்பிக் கிடந்தவற்றை, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இன்றுவரை ஸ்கான் செய்து ஏற்றுகிறது. அங்கே இருப்பதில் பெரும்பகுதி பக்கங்களின் படம். தேடற்பெட்டி முக்கியமாக வாசிப்பது மனிதர்கள் தட்டச்சுச் செய்த விபரப் பக்கத்தை: தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, சஞ்சிகை என்றால் உள்ளடக்கப் பட்டியல். முழு வசனத்தை அடித்துவிட்டுக் காத்திருப்பதில் பிரயோசனம் இல்லை. தலைப்பில் வரக்கூடிய ஒரு சொல் போதும். சொல் தோற்றால் ஆண்டு வாரியாக, ஆசிரியர் வாரியாக மேயலாம். மெதுவான வேலைதான், ஆனால் தேடாத ஒன்றும் கையில் அகப்படும்.

இடைவெளியையும் மறக்கக் கூடாது. 'இரண வைத்தியம்' கிடைக்காவிட்டால் 'இரணவைத்தியம்'. அடுத்த செமஸ்ரரில் கொலராவைப் பற்றி எழுதப் போற ஆக்கள், 'வாந்திபேதி' எண்டும் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ.